குடுவைக்குள் கூனும் குறளும்

"கூனும் குறளும்" என்ற இணையைச் சொல்லன்பர்களுக்குப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பழந்தமிழ்க் காப்பியங்களில் அரண்மனைக் காட்சி வந்து, அரசியைச் சூழ்ந்து நிற்கும் குற்றேவலாளர்களின் பேச்சு எழுந்தால், இந்த இரு சொற்களும் மோனையின் கைபிடித்துக்கொண்டு சேர்ந்தே வரும். முதுகு வளைந்தவர் கூன். உயரம் குன்றியவர் குறள். கலித்தொகையின் மருதப் பகுதியில் 94ஆம் பாட்டு முழுவதும் ஒரு கூனிக்கும் ஒரு குறளனுக்கும் நடக்கும் பேச்சுத்தான். ஒருவர் வடிவை ஒருவர் எள்ளுவதில் தொடங்கி, பிணங்கி, கடைசியில் இருவரும் இணங்கிப் போவார்கள். இன்று ஒரு மனிதரை இப்பெயர்களால் அழைக்க நம் நா கூசும், கூச வேண்டும். ஆனால் சொற்கள் ஆட்களை விட்டு விலகிப் பொருள்களின் மேல் போய் உட்கார்ந்து வாழும் வழக்கமுடையவை. அப்படி விலகி வந்த இந்த இருவரையும் நான் மறுபடி கண்டது ஓர் ஆய்வுக்கூடக் குடுவையில்.

பயிர்களின் ஹார்மோன்களை, அதாவது பயிரூக்கிகளைக் கொண்டு, நுண்ணுயிர்கள் உலோக நானோ துகள்களை ஆக்கும் போக்கை மாற்றுவது என்பது இன்றைய உயிரித் தொழில்நுட்பத்தின் கேள்விகளில் ஒன்று. பூஞ்சையோ பாக்டீரியாவோ வெள்ளி உப்பிலிருந்து வெள்ளித் துகளைப் பிரித்துக் கொடுக்கும். அந்தப் பூஞ்சைக்கு ஒரு பயிரூக்கியைச் சிறிதளவு கொடுத்தால் அது ஆக்கும் துகளின் அளவும் எண்ணிக்கையும் மாறுமா என்பது கேள்வி. அறிவியல் ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் கேள்விக்குள் வரும் பெயர்களை ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்தேன். நானோ என்பதை உரித்தால் குறள் வருகிறது. பயிரூக்கிகளில் புகழ்பெற்ற ஜிப்ரல்லின் என்பதை உரித்தால் கூன் வருகிறது.

முதலில் குறளைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'நானோஸ்' என்றால் குள்ளன். லத்தீன் அதை 'நானுஸ்' என்று வாங்கிக்கொண்டது. லத்தீனின் மகள்மொழிகளில் அது இன்னும் உயிரோடு உலவுகிறது. இத்தாலியத் தாய் ஒருத்தி தன் குழந்தைக்குக் குள்ளர் கதை சொல்லும்போது அந்தக் குள்ளனை 'நானோ' என்றுதான் சொல்வாள். இந்த வீட்டுச் சொல்லுக்கு அளவைக் கோல் கிடைத்தது 1960இல். அந்த ஆண்டு பாரிசில் கூடிய 11ஆம் எடை அளவைப் பொதுமாநாடு உலகப் பொது அளவைமுறையை வகுத்தபோது, நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக நானோவை ஏற்றது. அதே பட்டியலில் நூறு கோடி மடங்குக்கு வந்த 'ஜிகா' கிரேக்க அரக்கனின் பெயர். அதற்கும் மேலே வந்த 'டெரா' பூதத்தின் பெயர். குள்ளன், அரக்கன், பூதம் மூவரும் ஒரே அவையில் அளவைக்காரர்களாகப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். 1974இல் ஜப்பானியப் பேராசிரியர் நோரியோ தானிகுச்சி 'நானோ டெக்னாலஜி' என்ற தொடரை ஆக்கினார். ஒன்றிலிருந்து நூறு நானோமீட்டர் வரை உள்ள துகளுக்கு நானோ துகள் என்று பெயர். தலைமுடி ஒன்றின் குறுக்களவில் இவற்றை ஆயிரக்கணக்கில் வரிசையாக நிறுத்தலாம்.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'நுண்' என்னும் அழகிய அடியை நாம் ஏற்கெனவே செலவழித்துவிட்டோம். நுண்ணுயிர், நுண்ணோக்கி, நுண்ணலை என்று அது மைக்ரோவின் இடத்தில் அமர்ந்துவிட்டதால், அதற்கும் கீழே இறங்க வேண்டியபோது 'மீநுண்' என்று ஒரு படி கட்டிக்கொண்டார்கள். மீநுண் தொழில்நுட்பம் என்று சொல்லிப் பாருங்கள். நுண், நுணுகு, நுணுக்கம், நுட்பம் எல்லாம் ஒரே கொடியில் காய்த்தவை. ஆகவே இத்தொடரில் நுண்மை இருமுறை ஒலிக்கிறது. கிரேக்கத்தில் 'டெக்னே' என்பது கைத்திறன். அதில் சிறுமை பற்றிய பேச்சே இல்லை. தமிழனுக்கோ திறன் என்பதே நுணுகிப் பார்ப்பதுதான் போலும். நுட்பம் என்ற சொல்லை அவன் திறனுக்குப் பெயராக வைத்தபோதே பொருள்களின் சிறுமைக்குள் இறங்கத் தயாராகிவிட்டான்.

இருந்தாலும் நானோவின் உள்ளுறை நுண்மை இல்லை, குள்ளம். அதற்கு நேராக நம்மிடம் இருக்கும் சொல் குறள். குறு என்ற அடியிலிருந்து கிளைத்த குடும்பம் எவ்வளவு பெரிது! குறுகு, குறுக்கு, குறுமை, குறில். குறுகிய காலத்தில் விளைந்துவிடுவதால் காவிரிப் படுகையின் குறுவை. முதலடியில் நான்கு சீரும் அடுத்த அடியில் மூன்று சீருமாக நின்றுவிடும் குறள் வெண்பா. அந்த யாப்பின் பெயரே நூலின் பெயராகிவிட்ட திருக்குறள். மூவடி மண் கேட்ட திருமாலின் வடிவத்தைக் குறளுரு என்றும், உலகளந்த பின் அவனையே நெடியோன் என்றும் பாடிய மொழி இது. குறள் நெடியோனாகும் அந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டாணிச் செடியின் வழியாக அது திரும்பி வரும்.

ஆகவே நானோ துகளைக் 'குறள் துகள்' என்று சொல்லலாமே என்று எனக்கு ஓர் ஆசை எழுந்தது. எழுந்த வேகத்திலேயே புணர்ச்சி விதி குறுக்கே நின்றது. குறளோடு தாழிசை சேர்ந்தால் குறட்டாழிசை. அப்படியே துகள் சேர்ந்தால் 'குறட்டுகள்'. அதைக் கேட்பவருக்குப் பொற்கொல்லர் பட்டறையில் தொங்கும் குறடுகள் நினைவுக்கு வரும், அல்லது நள்ளிரவுக் குறட்டை. பொருளால் தகுதி பெற்ற சொல் ஒலியால் தோற்றுப்போவது நம் கலைச்சொல்லாக்கத்தில் அடிக்கடி நடக்கும் துயரம். நானோ என்பதை அப்படியே எழுதுவோரை நான் குறை சொல்லமாட்டேன். அது கடன்தான், ஆனால் உயிர்மெய்யில் முடிந்து, நா இடறாமல், தமிழ்ச் சொல்போல நடக்கும் கடன்.

துகள் என்ற பாதியாவது நம்முடையது. தூசுக்கும் பூந்தாதுக்கும் மட்டுமல்லாமல் குற்றத்துக்கும் துகள் என்று பெயர். 'துகளறு' என்றால் மாசற்ற என்று பொருள். கண்ணில் விழுந்து உறுத்துகிற அளவுக்குத்தான் அந்நாளில் துகள் சிறுத்திருந்தது. கண்ணுக்கே எட்டாத துகளைச் சொல்ல அதே சொல் இன்று வந்திருக்கிறது. மாசு என்ற பழைய நிழல் அதன் காலடியிலிருந்து மெல்ல விலகிக்கொண்டிருக்கிறது.

உலோகம் வடசொல். பழந்தமிழுக்கு மாழை என்று ஒரு சொல் உண்டு. ஆனால் மக்கள் வாயில் உலோகப் பொதுப்பெயராக வாழ்ந்தது பொன்தான் என்பதற்கு ஐம்பொன் ஒன்றே சான்று. ஐந்தும் தங்கமாக இருக்க முடியாது அல்லவா? இரும்பு கரும்பொன், வெள்ளி வெண்பொன், தங்கம் செம்பொன் என்று நிறத்தால் பிரித்த கண் அது. வெள்ளி என்ற பெயருக்குள்ளும் வெண்மை இருக்கிறது. கிரேக்கரின் 'ஆர்குரோஸ்', லத்தீனின் 'ஆர்கென்டும்' ஆகியவையும் ஒளிரும் வெண்மையைச் சொல்லும் அடியிலிருந்தே பிறந்தவை. ஒருவரை ஒருவர் கேட்காமலே மக்கள் ஒரே உலோகத்துக்கு ஒரே காரணத்தால் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இப்போது அந்த வெண்பொன்னையும் செம்பொன்னையும் குறளாக்குங்கள். பெயர்கள் தடுமாறிவிடும். நானோ அளவுக்குச் சிறுத்த வெள்ளி நீரில் மிதக்கும்போது அந்த நீர் வெள்ளையாக இராது, மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போகும். 420 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளியை அத்துகள்கள் விழுங்கிவிடுவதே காரணம். துகளின் மேற்பரப்பிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளி அலையோடு சேர்ந்து ஊசலாடுவதால் இது நிகழ்கிறது. பொன்னோ செக்கச் சிவந்துவிடும். மைக்கேல் ஃபாரடே 1857இல் பொன்னை இப்படிச் சிதைத்து மாணிக்கச் சிவப்பு நீரை ஆக்கிக் காட்டினார். அவர் செய்த நீர்மக் குப்பிகள் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. மஞ்சள் நிறப் பொருளை ஏன் செம்பொன் என்றார்கள் என்று பள்ளி நாளில் எனக்கு ஒரு ஐயம் இருந்தது. பழந்தமிழ்ச் 'செம்மை' மஞ்சளின் விளிம்புவரை பரந்தது என்று பின்னர் விளங்கியது. ஃபாரடேயின் குப்பியில் அந்த ஐயத்துக்கே வேலையில்லை. குள்ளத் தேவதையைக் குறளி என்பார்கள். அதை ஏவி நிறமும் உருவும் மாற்றிக் காட்டுவது குறளி வித்தை. பொன் குறளாகி நிறம் மாறும் இந்த நிகழ்ச்சிக்கு அதைவிடப் பொருந்திய பெயரை நான் எங்கே தேடுவேன்!

இந்த வித்தையைப் பூஞ்சை செய்யும் என்று காட்டியதில் புனே நகரத்துத் தேசிய வேதியியல் ஆய்வகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. முரளி சாஸ்திரி, அப்சர் அகமது ஆகியோரின் குழு 2001இல் வெர்டிசிலியம் என்ற பூஞ்சை பொன் துகளையும் வெள்ளித் துகளையும் தன் உடலோடு ஆக்குவதைக் கண்டது. அடுத்து ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற பூஞ்சை அதே வேலையைத் தன் உடலுக்கு வெளியே, நீரிலேயே செய்வதைக் கண்டது. செய்முறை எளிது. பூஞ்சையை ஊட்ட நீரில் வளர்த்து, இழைகளை வடித்துக் கழுவி, தூய நீரில் போட்டு, வெள்ளி நைட்ரேட்டைக் கலந்தால் நேரம் ஆக ஆக நீர் பழுக்கிறது. பூஞ்சை கசியவிடும் ஒடுக்க நொதிகள் வெள்ளி அயனிக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுக்க, அயனி அணுவாகிறது. அணுக்கள் ஒட்டிக் கூடுகின்றன. கூடுவது மிகாமல் பூஞ்சையின் புரதங்கள் வந்து போர்த்திக்கொள்கின்றன. 2003இல் அக்குழு வெளியிட்ட ஆய்வில் அத்துகள்களின் அளவு 5 முதல் 15 நானோமீட்டர்.

பூஞ்சை என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 'பூஞ்சை உடம்பு' என்றால் வலுவற்ற, நோஞ்சான் உடம்பு. ஊறுகாய்ச் சாடியில் பூசணம் 'பூத்துவிட்டது' என்று வீட்டில் சொல்வோம். கெடுதலைக்கூட மலர்தலாகச் சொல்லும் வாய் நம்முடையது. அந்த நோஞ்சான் சொல்லைத் தாங்கிய உயிர் உலோகத்தை உப்பிலிருந்து பிரித்தெடுக்கிறது.

ஃபியூசேரியம் என்ற பெயர் இன்னும் இனியது. லத்தீனில் 'ஃபூசுஸ்' என்றால் நூல் நூற்கும் கதிர். 1809இல் லிங்க் என்ற ஜெர்மானியத் தாவரவியலார் இப்பெயரைச் சூட்டினார். அதன் வித்துகள் நடு பருத்து இருமுனையும் கூர்த்துக் கதிர்போல் இருக்கும். தமிழில் கதிர் என்று சொன்ன உடனே ராட்டையின் கதிர், நெல்லின் கதிர், ஞாயிற்றின் கதிர் மூன்றும் வந்துவிடுகின்றன. இந்தப் பூஞ்சையின் வாழ்வில் மூன்றுக்கும் வேலை உண்டு என்பதை நினைத்து நான் வியந்திருக்கிறேன்: வித்து ராட்டைக் கதிர், அது கெடுப்பது நெற்கதிர், அது ஆக்கிய துகள்களை நமக்குக் காட்டிக் கொடுப்பது ஒளிக்கதிர்.

நெல்லைக் கெடுப்பது என்றேனே, அங்கேதான் கூன் வருகிறது. வருமுன் ஹார்மோன் என்ற பெயருக்கும் ஒரு வணக்கம் சொல்லிவிட வேண்டும். 1905இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவில் இதைப் பயன்படுத்தினார். கிரேக்க 'ஹோர்மாவோ' என்பதற்குக் கிளப்புகிறேன், உந்துகிறேன் என்று பொருள். ஈழத்துப் பாடநூல்கள் இதை ஓமோன் என்று எழுதும். தலையிலிருந்த ஹகரத்தை மெல்ல இறக்கி வைத்துவிட்டு உயிரெழுத்தில் தொடங்கும் அந்த வடிவம் என் காதுக்கு இதமானது. தமிழாக்க முயன்றவர்கள் இயக்குநீர், சுரப்புநீர் என்றார்கள். விலங்குக்கு அவை பொருந்தும். செடிக்கு ஓமோன் சுரக்கும் தனிச் சுரப்பி இல்லை. பழத்தைக் கனியவைக்கும் எத்திலீனோ நீர்மமே இல்லை, காற்று. அதனால் வளரூக்கி, பயிரூக்கி என்று வந்த ஆக்கங்களையே நான் விரும்புகிறேன். ஊக்கு என்ற அடி கிரேக்க வினையின் உந்துதலை நேராகப் பிடித்துக்கொள்கிறது. 1931இல் கோகலும் ஹாகன்-ஸ்மிட்டும் பெயரிட்ட 'ஆக்சின்' என்பதிலும் வளர்த்தல் என்ற கிரேக்க வினைதான் உள்ளது. அவர்கள் அதைப் பிரித்தெடுத்தது செடியிலிருந்து அல்ல, மனிதச் சிறுநீரிலிருந்து. 1935இல் கென்னத் திமான் ஆக்சினாகிய இண்டோல் அசெட்டிக் அமிலத்தை ரைசோபஸ் என்ற பூஞ்சையின் வளர்ப்பு நீரிலிருந்து பெற்றார். பயிரூக்கி என்று நாம் பெயரிட்டது பயிருக்கு மட்டும் உரிய பொருள் இல்லை என்பதை முதலிலிருந்தே நுண்ணுயிர்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

ஜிப்ரல்லின் பிறந்ததே நுண்ணுயிரிலிருந்துதான். ஜப்பானிய நெல்வயலில் சில நாற்றுகள் மட்டும் மற்றவற்றைக் காட்டிலும் வேகமாக உயர்ந்து, வெளிறி, மெலிந்து, கதிர் வைக்காமல் சாய்ந்து போகும். உழவர்கள் அதை 'பகானாயே' என்றார்கள். பகா என்றால் மடமை, நாயே என்றால் நாற்று. அந்த 'நாயே' காதில் விழுந்ததும் நம் நாறு, நாற்று என்பவை எழுந்து நின்று உறவு கொண்டாடத் துடிக்கும். ஒலி ஒத்ததாலே உறவு கட்டிவிடக் கூடாது என்று அவற்றை உட்கார வைக்கிறேன். பகானாயேக்கு நான் வைக்கும் தமிழ்ப் பெயர் பேதை நாற்று. பேதை என்றால் அறியாமையும் ஆகும், பருவம் ஏழில் முதலாவதாகிய இளஞ்சிறுமியும் ஆகும். வளர வேண்டிய அளவு அறியாமல் வளர்ந்துவிட்ட இளம்பயிருக்கு இரு பொருளும் பொருந்தும்.

தைவான் அப்போது ஜப்பானியர் ஆட்சியில் இருந்தது. அங்கே பணியாற்றிய எய்ச்சி குரோசாவா, நோயுண்டாக்கும் பூஞ்சையை வளர்த்த நீரை வடிகட்டி, பூஞ்சையே இல்லாத அந்த நீரை நாற்றுக்குக் கொடுத்து, அதே மட வளர்ச்சியை வரவழைத்துக் காட்டினார். அது 1926. நீரில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்று தெரிந்தது. தோக்கியோவில் தெய்ஜிரோ யாபுதா அப்பொருளுக்கு 1935இல் பெயர் வைத்தார். 1938இல் அதைப் படிகமாகவும் எடுத்தார்கள். பூஞ்சையின் அன்றைய பெயர் ஜிப்பெரெல்லா ஃபுஜிகுரோய். ஆகவே பொருள் ஜிப்பெரெல்லின்.

இனி உரிக்கலாம். கடைசி இதழ் 'இன்'. வேதியியலார் பொருள்களின் பெயருக்கு ஒட்டும் வழக்கமான ஈறு. அது நம் ஐந்தாம் வேற்றுமை உருபைப் போலவே ஒலிப்பது தற்செயல். ஆனாலும் 'மலையின் இழிந்த அருவி' என்று நாம் சொல்லும் நீங்கற்பொருளில் வைத்துப் படித்தால், ஜிப்பெரெல்லாவின் நீங்கி வந்தது என்று பெயரே தன் பிறப்பைச் சொல்லிவிடுகிறது. அடுத்த இதழ் 'எல்லா'. லத்தீனின் சிறுமை விகுதி. நாம் சிறுமையை முன்னால் வைப்போம்: சிறுகீரை, குறுமிளகு, குட்டிக்கதை. லத்தீன் பின்னால் வைக்கும். கிப்பெரா என்று ஏற்கெனவே ஒரு பூஞ்சைப் பேரினம் இருந்தது. அதற்குச் சிறியதாக ஜிப்பெரெல்லா என்று 1877இல் பெயர் கட்டியவர் இத்தாலியின் பதுவா நகரத்துப் பூஞ்சையியலார் சக்கார்தோ. எல்லா இதழும் உதிர்ந்த பின் உள்ளே நிற்கும் மொட்டு 'கிப்பெர்'. லத்தீனில் அது கூன்.

ஆகவே ஜிப்ரல்லின் என்பது சிறுகூனின் நீங்கி வந்தது. லத்தீனில் ககரம் வன்மையாகவே ஒலித்தது; ஆங்கிலேயர் வாயில் அது ஜகரமாக நெகிழ்ந்தது; ஜப்பானியர் லகரத்தை ரகரமாக்கி 'ஜிபெரெரின்' என்றார்கள்; நம் பாடநூல்களோ நடுவிலிருந்த உயிரை விழுங்கி ஜிப்ரல்லின் என்று சுருக்கின. கிரந்த எழுத்தைத் தவிர்க்க விரும்பும் ஒருவர் 'கிப்பரெல்லின்' என்று எழுதினால், அவர் தமிழுக்கு வருவதாக எண்ணிக்கொண்டு உரோமுக்கும் போய்ச் சேர்ந்திருப்பார். ஆங்கிலத்தில் பிதற்றலுக்கு இதே ஒலியோடு தொடங்கும் ஒரு சொல் உண்டு. அதற்கும் இதற்கும் ஒட்டுறவில்லை. அது உளறும் வாயின் ஒலிக்குறிப்பு.

கூனும் கிப்பெரும் ஒரே முதுகைத்தான் பார்க்கின்றன, ஆனால் வேறு வேறு பக்கத்திலிருந்து. குனி, குனிவு, கூன், கூனல் என்ற நம் வரிசையில் இருப்பது வளைவு. லத்தீனின் கிப்பெர், கிப்புஸ் என்பவற்றில் இருப்பது புடைப்பு. இதை நிலவில் வைத்துப் பார்க்கலாம். நாம் கூனல் பிறை என்றால் அது வில்லாக வளைந்த இளம்பிறை. ஐரோப்பிய வானியலார் கிப்புஸ் என்ற அடியால் குறிக்கும் நிலவோ, அரைக்கும் முழுமைக்கும் இடையே புடைத்து நிற்கும் நிலவு. இத்தாலிய மக்கள்மொழியில் இந்த அடி 'கொப்போ' என்று வழங்குகிறது. கூனுக்கு இன்றும் அதுதான் பேச்சுவழக்கு. கொப்போவும் நானோவும் சக்கார்தோவின் தெருவில் நடமாடிய சொற்கள்.

பயிருக்குள் கூனும் குறளும் நடத்தும் வாழ்க்கைதான் எல்லாவற்றிலும் சுவை மிக்கது. கிரெகோர் மெண்டல் 1866இல் எழுதிய கட்டுரையில் நெட்டைப் பட்டாணி, குட்டைப் பட்டாணி என்று பிரித்துக் கணக்கிட்டாரே, அந்தக் குட்டைக்குக் காரணமான மரபணு ஜிப்ரல்லினைச் செயல்வடிவத்துக்குக் கொண்டுவரும் நொதிக்கு உரியது என்று 1997இல் தெரிந்தது. அதற்கு நாற்பதாண்டு முன்பே, 1955இல், இங்கிலாந்தில் பிரையனும் ஹெமிங்கும் குட்டைப் பட்டாணிக்கு ஜிப்ரல்லிக் அமிலத்தைக் கொடுத்து அதை நெட்டையாக வளர்த்துக் காட்டியிருந்தார்கள். குறள் நெடியோனானான்.

எதிர்ப்புறமும் உண்டு. 1966இல் பிலிப்பைன்சின் பன்னாட்டு நெல் ஆய்வு நிலையம் வெளியிட்ட ஐ.ஆர். 8, நம் வயல்களிலும் வந்து நிறைந்த குட்டை ரகம். அது குட்டையாக நிற்பதால்தான் உரம் வைத்தும் சாயவில்லை. அந்தக் குட்டைத்தன்மை 'தீ-ஜியோ-வூ-ஜென்' என்ற தைவான் நெல்லிடமிருந்து வந்தது. அந்தப் பெயருக்குத் தாழ்ந்த கால், கரிய நுனி என்று பொருள். நம் உழவர் பெயர் வைத்திருந்தால் குட்டைக்கால் கருநுனி என்றிருப்பார். அதன் மரபணுவில் ஜிப்ரல்லினை ஆக்கும் ஒரு நொதி பழுதுபட்டிருந்தது என்று 2002இல் கண்டார்கள். கூன் மிகுந்தபோது பேதை நாற்று. கூன் குறைந்தபோது களஞ்சியம் நிரப்பிய குறள் நெல். இரண்டு கதையிலும் தைவான் தீவு உண்டு.

இப்போது குடுவைக்குத் திரும்புவோம். ஜிப்பெரெல்லா ஃபுஜிகுரோய் என்ற பூஞ்சைக்கு இன்னொரு பெயரும் இருந்தது. பூஞ்சைகளுக்குப் பால்வழி இனம்பெருக்கும் நிலைக்கு ஒரு பெயர், பாலின்றிப் பெருக்கும் நிலைக்கு வேறொரு பெயர் என்று நெடுங்காலம் இரட்டைப் பெயர் வழங்கியது. ஜிப்பெரெல்லாவின் பாலில்லா நிலைக்குப் பெயர் ஃபியூசேரியம். புனேயில் வெள்ளியைக் குறளாக்கிய அதே கதிர்ப்பூஞ்சையின் பேரினம். பயிரின் ஊக்கியை ஆக்கும் கையும் பொன்னைத் துகளாக்கும் கையும் ஒரே குடும்பத்துக் கைகள் என்று தெரிந்தபோது, ஊக்கியைக் கொண்டு துகளாக்கத்தை மாற்றலாமா என்ற கேள்வி எனக்கு மிக இயல்பாகப் பட்டது. பூஞ்சைக்குப் பயிரின் மொழி அயல்மொழி இல்லை. ரொட்டியைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட்கூட ஆக்சினைக் கண்டால் தன் வடிவை மாற்றி இழையாக நீண்டு பரப்பைத் துளைத்து வளர்கிறது என்று 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வளர்ச்சி மாறினால் கசியும் நொதிகளும் புரதங்களும் மாறும்; நொதி மாறினால் அயனி அணுவாகும் வேகம் மாறும்; போர்த்தும் புரதம் மாறினால் துகள் எந்த அளவில் நிற்கும் என்பது மாறும். அளவு மாறினால் நிறம் மாறும். இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர்களின் கையிலிருக்கும் இழை இதுதான்: நெடிதாக்கும் பொருளைக் கொடுத்து, குறளின் அளவை ஆள்வது.

பெயரின் கதையில் ஒரு மடிப்பு மிச்சமிருக்கிறது. 2011இல் மெல்போர்னில் கூடிய தாவரவியல் மாநாடு இரட்டைப் பெயர் வழக்கத்தை முடித்துவைத்தது. ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்பது 2013 முதல் நடைமுறை. இரண்டில் ஒன்று விலக வேண்டியிருந்தபோது உலகம் ஃபியூசேரியத்தை வைத்துக்கொண்டது. பேதை நாற்றின் பூஞ்சைக்கு இன்று ஃபியூசேரியம் ஃபுஜிகுரோய் என்று பெயர். கதிர் நின்றது, கூன் போயிற்று. தாய்ச்சொல் வழக்கொழிந்த பின்னும் மகள்சொல் வாழ்வது மொழிகளில் கண்ட காட்சிதான். ஜிப்பெரெல்லா மறைந்த பின்னும் ஜிப்ரல்லின் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது.

அந்த மகளும் முழுப்பெயரோடு இல்லை. ஜிப்ரல்லின்கள் ஒன்றல்ல, இன்று நூற்று முப்பதுக்கும் மேல். அவை பெருகத் தொடங்கியபோதே, 1968இல் மெக்மில்லனும் தகாஹாஷியும் வகுத்த முறைப்படி அவற்றுக்கு எண் கொடுத்தார்கள். கடைக்கு மிகுதியாக வருவது அவற்றில் மூன்றாம் எண். நீரில் எளிதில் கரையாததால் முதலில் சாராயத்தில் கரைத்து, பிறகு நீரில் கலந்து, விதையில்லாத் திராட்சையின் கொத்துகளை நனைக்கிறார்கள்; காய் நீண்டு பருக்கிறது. அந்த வெண்பொடிப் பொட்டலத்தின் மேல் ஜி.ஏ.3 என்று இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். கூனின் பெயரே குறளாகிவிட்டது.